எறியப் பழகிய கை

ஸ்ரெல்லாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அது பிறவிக் குணம் என்று தகப்பன் சூசைப்பிள்ளை சொல்லுவார். பூசையில் சாமியார் பிரசங்கம் முடிக்குமட்டும் அவளை வாங்கில் இருத்திவைக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கரைவலை இழுக்கிற இடத்தில் ஓடித் திரிகிற பிள்ளையை யார் ஏசப்போகிறார்கள்? தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து பட்டினத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது அவளுக்குப் பதினான்கு வயது. அதன்பிறகு அந்தக் குடும்பம் இருந்தெழும்பிய இடங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு. கடைசியில் ஸ்கந்தபுரத்தில் ஒரு சொந்தக்காரர் காணித்துண்டு காட்ட, கடலே கண்ணில் படாத அந்த இடத்தில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள்.

இவ்வளவு அலைச்சலுக்குள்ளும் பிள்ளை படித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மரத்தடியிலும் படங்குக்குக் கீழும் நடந்த வகுப்புகளில் உயர்தரம் விஞ்ஞானம் படித்தாள். பெறுபேறு பாதகமில்லை. ஆனால் கம்பஸில் இடம் கிடைக்க அது காணாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்கும் கிணற்றடிக்கும் நடையாய் நடந்தாள். "நிலம் தேயப்போகுது பிள்ளை. எங்கையாவது போய் ஒரு வேலையைப் பார்" என்று சூசைப்பிள்ளையே ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. அதுவும் இடம்பெயர்ந்து வந்த ஆஸ்பத்திரிதான். ஸ்ரெல்லா அங்கே போய்த் தொண்டராகச் சேர்ந்தாள். முழு ஆஸ்பத்திரிக்கும் பதிவுபெற்ற தாதி ஒரே ஒருத்தி, விமலேஸ்வரி. ஸ்ரெல்லாவை விட ஆறேழு வயது மூத்தவள். வாய் கொஞ்சம் காரம். "நிண்டு பாக்கிறதுக்கு இஞ்ச ஆக்கள் நிறைய இருக்கினம். கையைக் கழுவிப்போட்டு வாரும்" என்றதுதான் அவள் கொடுத்த வரவேற்பு. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஸ்ரெல்லா ஊசி போட்டாள், சேலைன் ஏற்றினாள், காயம் கட்டினாள். மலேரியாக் காய்ச்சலில் பினாத்துகிறவர்களைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டு நின்றாள். சனம் அவளையும் "மிஸி" என்றுதான் கூப்பிட்டது. நோயாளிக்கு யார் பதிவு, யார் தொண்டர் என்று என்ன தெரியும்?

அந்த ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை துணி தோய்க்கிறதுதான். காயத்துக்குக் கட்டுகிற கோஸ் துணி எல்லைக்கு அந்தப் பக்கம், அரசாங்கப் பகுதியிலிருந்து வருவதே அருமை. வந்தாலும் கண்ணில் காட்டிவிட்டு முடிந்துவிடும். ஆகவே காயத்திலிருந்து எடுத்த துணிக்கென்று ஒரு தனி வாளி. பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, இரத்தம் போகக் கசக்கி, சவர்க்காரம் போட்டு, கிடாரத்தில் அவித்து, கொடியில் காயப்போட்டு, மடித்துப் பிஸ்கற் ரின்னில் அடுக்கி, அந்த ரின்னைத் திரும்பவும் ஆவியில் வைப்பார்கள். நாலைந்து தரம் தோய்த்த துணி தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். நூல் நூலாய்ப் பிரியுமட்டும் அதற்கு ஓய்வில்லை. ஒரு துண்டை எறிந்தவளை விமலேஸ்வரி பார்க்கிற பார்வைக்குப் பயந்தே ஒருவரும் எறியமாட்டார்கள்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஸ்ரெல்லாவின் மனம் மட்டும் ஆறவில்லை. எல்லாம் செய்கிறாள், ஆனால் எதற்கும் அவளிடம் உரிமை இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி வேறு இடத்துக்குப் போனால் அவள் யார்? ஒரு மருந்தை ஏன் கொடுக்கிறோம் என்று கேட்டால் "மிஸி சொன்னவா" என்பதைத் தவிர அவளுக்கு மறுமொழி தெரியாது. இரண்டாயிரமாம் ஆண்டு தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டார்கள். போட்டாள், கூப்பிட்டார்கள், வவுனியாவில் இடம் கிடைத்தது. மூன்று வருடப் படிப்பு. இயக்கத்தின் பகுதியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கச் சூசைப்பிள்ளை பிணை நின்றார். அவள் திரும்பி வராவிட்டால் மறுமொழி சொல்ல வேண்டியவர் அவர். அவரோ மகளின் பையைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினார்.

விமலேஸ்வரிதான் வாட்டு வாசலில் நின்று குரலை உயர்த்தினாள். "போய் ஒழுங்கான நேர்ஸாய்த் திரும்பி வாரும். வராமல் அங்க வடிவான மாப்பிள்ளை ஒண்டைப் பிடிச்சீரெண்டா, இந்த வாட்டைப் பூட்டித் திறப்பை உம்மட கொப்பரிட்டைக் குடுத்துப்போட்டு நானும் வெளிக்கிட்டிடுவன்."

"வருவன் அக்கா. சத்தியமாய் வருவன்" என்றாள் ஸ்ரெல்லா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

வவுனியா அவளுக்குப் பெரும் சோதனையாகப் போனது. வேலை கூடிவிட்டது என்றில்லை, வேலையே இல்லை! கட்டில் விரிப்பின் மூலையை மடிக்க ஒரு வகுப்பு. கை கழுவ ஒரு வகுப்பு. நாலு வருடம் ஊசி போட்டவளை ஊசிக்குக் கிட்டவே விடவில்லை. மலச்சட்டி தூக்கவும் வெப்பமானி வைக்கவும் விட்டார்கள். விடுதியில் படிப்பு நேரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தையில் அங்கும் இங்கும் நடப்பாள். அவளோடு அறையில் இருந்தவள் நஸ்மியா. பட்டாணிச்சூரில் வாப்பாவுக்குத் துணிக்கடை. "என்ன புள்ள, ஒன்ட காலுக்குச் சில்லுப் பூட்டிக் கிடக்கா? பாக்கிற எனக்குத் தலை சுத்துது, இரு!" என்று கையைப் பிடித்து இழுத்து இருத்துவாள்.

பின்னேரத் தேத்தண்ணீருக்குக் கூடினால் பிள்ளைகளுக்கு ஒரே கதைதான், படித்து முடித்து என்ன ஆவது. ஒருத்திக்குச் சத்திரசிகிச்சைக் கூடம். இன்னொருத்தி மேலே படித்துத் தாதியருக்கே படிப்பிக்கிற ஆசிரியை ஆகப்போகிறாள். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஆகி எல்லாரையும் ஏசவேண்டும் என்று ஒருத்திக்கு ஆசை. நஸ்மியா பிரசவப் பகுதியில் மேற்படிப்புப் படித்து, சவூதிக்குப் போய் உம்மாவுக்குக் கல்வீடு கட்டப்போவதாகச் சொன்னாள். லண்டனும் கனடாவும்கூட வந்துபோகும். "நீ என்ன புள்ள?" என்று கேட்டால், "நான் திரும்பிப் போறன்" என்பாள் ஸ்ரெல்லா. உடனே யாராவது பிஸ்கற் இருக்கா என்று கேட்பார்கள்.

முதலாம் வருடச் செய்முறைச் சோதனையில் காயம் கட்டுகிற பகுதி வந்தது. ஸ்ரெல்லாவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். இதில் அவளை வெல்ல யார் இருக்கிறார்கள்? வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த ஒரு பொடியனின் காயம். பரீட்சகர் ஒருபுறம், ஆசிரியை சிவனேஸ்வரி மிஸ் மறுபுறம். ஸ்ரெல்லா கை கழுவினாள், பொதியைப் பிரித்தாள், பழைய துணியை இடுக்கியால் வடிவாக எடுத்தாள். எடுத்ததைக் குப்பை வாளியில் போடாமல் பக்கத்தில் கிடந்த ஒரு தட்டத்தில் வைத்தாள். புதுத் துணி ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினாள். பாதியைக் காயத்தில் வைத்து, மற்றப் பாதியைப் பக்குவமாகத் திரும்பச் சுற்றி வைத்தாள்.

"அதென்னத்துக்கு?" என்று பரீட்சகர் கேட்டார்.

"அடுத்த ஆளுக்கு, மிஸ்."

"அந்தப் பழைய துணி?"

"தோய்க்க, மிஸ்."

வாட்டின் மூலையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பரீட்சகர் சிரிக்கவில்லை. அடுத்த ஆளை வரச் சொன்னார்.

ஸ்ரெல்லா சோதனையில் தவறிவிட்டாள். திரும்ப ஒருதரம் செய்யவிடுவார்கள். அதிலும் தவறினால் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சிவனேஸ்வரி மிஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று ஸ்ரெல்லா எதிர்பார்த்தாள். மிஸ் கத்தவில்லை, அதுதான் இன்னும் கரைச்சலாக இருந்தது.

"உம்மட கை நல்ல கை. ஆனால் அது வேற இடத்தில பழகின கை" என்றார் மிஸ்.

ஸ்ரெல்லாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "மிஸ், நாங்கள் அதை வடிவாய் அவிச்சுத்தான் பாவிச்சனாங்கள். அவிச்சாக் கிருமி சாகும்தானே? எங்களிட்டை இருந்திருந்தா நாங்களும் எறிஞ்சிருப்பம்."

"சாகாததும் இருக்கு" என்றார் மிஸ். "ஏற்புவலிக் கிருமியை எடும், உந்த ரெற்றனஸ். அது வித்து மாதிரி ஒரு கோதுக்குள்ள ஒளிச்சிருக்கும். கொதிதண்ணியும் சும்மா ஆவியும் அதை ஒண்டும் செய்யாது. இஞ்ச துணிப் பொதியை அமுக்க ஆவியில வைச்சுக் கிருமி நீக்கிறது ஏனெண்டு நினைக்கிறீர்? இல்லாதபடியா நீங்கள் செய்தது. அது பிழையெண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை. சரியெண்டும் சொல்லமாட்டன்."

ஸ்ரெல்லா வெளியே வந்தாள். அவளுக்கு மயில்வாகனத்தின் முகம் நினைவுக்கு வந்தது. ஸ்கந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு, மண்வெட்டி பட்டுக் காலில் காயத்தோடு வந்த கமக்காரர். சின்னக் காயம். தினமும் அவள்தான் கட்டினாள், தோய்த்த துணியால். காயம் புரையோடிப் பழுத்து, கடைசியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. மண்ணில் பட்ட காயம், அது மண்ணாலும் வந்திருக்கலாம். வீட்டில் பச்சிலை வைத்ததாலும் வந்திருக்கலாம். துணியாலும் வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஒருவராலும் சொல்லமுடியாது என்பதுதான் அவளைப் போட்டு வதைத்தது. இவ்வளவு காலமும் ஒருதரம்கூடத் தான் இதை யோசிக்கவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்றைக்குப் பின்னேரம் முழுக்க விடுதி வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நஸ்மியா கூப்பிட்டும் காதில் விழவில்லை.

அதன்பிறகு எறியப் பழகினாள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், எறிவதற்கும் ஒரு பழக்கம் வேண்டுமா என்று. வேண்டும்! நஸ்மியா பழைய பத்திரிகையைத் துணி அளவுக்குக் கிழித்துக்கொடுப்பாள். தலையணையில் ஒரு காயம் இருப்பதாக வைத்துக்கொண்டு ஸ்ரெல்லா ஒவ்வொரு துண்டாக இடுக்கியால் எடுத்து வாளியில் போடவேண்டும். வாளியின் வாயடிக்குப் போனதும் கை நின்றுவிடும்.

"போடு புள்ள!"

"போடுறன், பொறு."

"வாப்பாட கடையிலயும் இப்படித் துண்டுத் துணிக்கு உசிரை விடுற ஆள் இல்ல. போடு!"

போடுவாள். அந்தத் துண்டை விமலேஸ்வரி குனிந்து எடுக்கிற மாதிரியே இருக்கும். சிலவேளை ஸ்ரெல்லாவுக்குக் கோபம் வந்துவிடும். யாரில் என்று அவளுக்கே தெரியாது. இடுக்கியை வைத்துவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வருவாள். "நிலத்தைத் தேய்ச்சது போதும், வா" என்று நஸ்மியா திரும்பக் கூட்டிவந்து இருத்துவாள். நாள் போகப் போகக் கை நிற்பது குறைந்தது. ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் சாயம் இருந்த தேயிலைச் சக்கையை யோசியாமல் தூக்கி எறிந்தாள். நஸ்மியா கைதட்டினாள். ஸ்ரெல்லாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் தரச் சோதனை நாள் வந்தது. இந்தமுறை பெண்கள் வாட்டு. குலுக்கிப் போட்டதில் ஸ்ரெல்லாவுக்கு வடிவம்மா என்ற வயதான மனுசி விழுந்தா. சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், பாதத்தில் ஆறாத புண். செஞ்சிலுவைச் சங்க வாகனத்தில் துணுக்காய்ப் பக்கமிருந்து, ஸ்ரெல்லா வந்த அதே பக்கமிருந்து, கொண்டுவந்திருந்தார்கள். அதே பரீட்சகர். அதே இடத்தில் சிவனேஸ்வரி மிஸ்.

கை கழுவினாள். பொதியைப் பிரித்தாள். கட்டை அவிழ்த்தாள். மேல் துணியை எடுத்துப் பார்த்தால், கடவுளே, வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு ஓரத்தில்தான் சின்னதாய் ஒரு கறை. ஊறவிட்டால் கசக்கவே தேவையில்லை. இடுக்கி வாளிக்கு மேலே போனது.

"ஐயோ பிள்ளை, எறியாதேங்கோ!"

வடிவம்மா தலையணையிலிருந்து எழும்பிவிட்டா. "உது நல்லாயெல்லோ இருக்கு. இஞ்ச தாங்கோ, நான் தோய்ச்சு வைக்கிறன். போகேக்க எங்கட ஆஸ்பத்திரிக்குக் குடுக்கலாம். அங்க மிஸிமார் துணியில்லாமல் படுற பாடு உங்களுக்குத் தெரியாது."

பரீட்சகர் பேனையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். சிவனேஸ்வரி மிஸ் யன்னல் பக்கம் பார்த்தார். ஸ்ரெல்லாவின் கை அந்த வாளிக்கு மேலே நின்றது. பிணை நின்ற தகப்பன் நினைவுக்கு வந்தார். காலில்லாத மயில்வாகனம் வந்தார். பிஸ்கற் ரின்னுக்குள் துணி அடுக்குகிற விமலேஸ்வரியும் வந்தாள். தட்டத்தில் வைத்தால் அத்தோடு படிப்பு முடிந்தது.

எறிந்தாள்.

"இதைத் திரும்பப் பாவிக்கக்கூடாது அம்மா. மற்ற ஆளுக்குக் கிருமி போகும்" என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"எங்களுக்குப் பாவிச்சவைதானே பிள்ளை. நீங்கள் எந்த ஊர்?"

சோதனை விதிப்படி நோயாளி கேட்டால் மறுமொழி சொல்லவேண்டும். "முல்லைத்தீவு, அம்மா. ஸ்கந்தபுரத்தில இருந்தனாங்கள்."

வடிவம்மா அவளை மேலும் கீழும் பார்த்தா. பிறகு தலையணையில் மெல்லச் சாய்ந்தா.

"அப்ப உங்களுக்குத் தெரியும்தானே" என்றுவிட்டு மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டா.

ஸ்ரெல்லா புண்ணைத் துடைத்தாள். புதுத் துணியை முழுதாக வைத்தாள், வெட்டவில்லை. கட்டை இறுக்காமல், தளர்த்தாமல் சுற்றினாள். கை ஓரிடத்திலும் தயங்கவில்லை, அதற்காகத் தன்னிலேயே வெறுப்பு வந்தது. பரீட்சகர் நல்ல புள்ளி போட்டதாகச் சிவனேஸ்வரி மிஸ் விறாந்தையில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "போய் முகத்தைக் கழுவும்" என்று மட்டும் சொன்னார். பைப்படியில் நஸ்மியா காத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, பாஸா?"

"பாஸ். நான் எறிஞ்சிட்டன் நஸ்மியா" என்று சொல்லிவிட்டு ஸ்ரெல்லா அவளுடைய தோளில் முகத்தை வைத்து ஏங்கி ஏங்கி அழுதாள். நஸ்மியா முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பார்வையாளர் நேரத்தில் வடிவம்மாவைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் எப்படி வருவது? ஸ்ரெல்லாவுக்கு விடுதியில் இருக்க முடியவில்லை. கால் தானாக வாட்டுக்கு வந்துவிட்டது. கட்டிலடியில் போய் நின்றாள்.

"அம்மா, என்னோட கோவமோ?"

"உங்களோட எனக்கென்ன கோவம் பிள்ளை? சோதனையெண்டு பக்கத்துக் கட்டில்காறிதான் சொன்னவ. எனக்குத் தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருக்கமாட்டன். சரிவந்ததோ?"

"ஓம் அம்மா."

"எப்ப படிச்சு முடியும்?"

"இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."

"முடிச்சுப்போட்டுக் கொழும்புக்கோ? வெளியிலயோ?"

"இல்லை அம்மா. உங்கட பக்கம்தான். கேட்டு வாங்கிக்கொண்டு வருவன்."

வடிவம்மா கட்டில் ஓரத்தைத் தட்டி அவளை இருக்கச் சொன்னா. ஸ்ரெல்லா இருந்தாள். மனுசி அவளுடைய கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தா.

"அப்ப வாங்கோ. வரேக்க உந்தத் துணியில கொஞ்சம் கொண்டு வாங்கோ, பிள்ளை. அங்கயும் எறியிறதுக்கு எங்களிட்டை ஏதும் இருக்கவேணுமெல்லோ."

எல்லையில் ஆமியின் சோதனைச் சாவடியில் ஒரு சாண் காயத் துணிகூட விடமாட்டார்கள் என்பது வடிவம்மாவுக்கும் தெரியும், ஸ்ரெல்லாவுக்கும் தெரியும். "ஓம் அம்மா, கொண்டுவாறன்" என்றாள் ஸ்ரெல்லா.